'நான்' என்னும் வாசனை

ஒரு பாத்திரத்தின் அடியில் எஞ்சியிருந்த சிறிதளவு தண்ணீர், கற்றோர் நிறைந்த ஒரு பெரிய மடத்தை இரண்டாகப் பிளந்துவிட்டது என்றால் நம்புதற்கு அரிதாகத் தோன்றும். ஆயினும் பௌத்தருடைய விநய நூலும் அதன் உரைகளும் அப்பிணக்கை ஒளிவு மறைவின்றிக் கூறுகின்றன. தம் சமயத் துறவிகளின் சிறுமையைத் தாமே எழுதிவைத்து, அதனை நூற்றாண்டுதோறும் ஓதியும் வந்தமை பாராட்டுதற்குரியது. எல்லாச் சமயத்தாரும் இத்துணிவைக் காட்டினார் என்று சொல்லுதற்கில்லை.

நிகழ்ச்சி நடந்த இடம் வத்தவ நாட்டின் தலைநகராகிய கோசாம்பி. பெருங்கதை பயின்ற மாணவர் இதனை உதயணனுடைய நகரென அறிவர். யமுனைக் கரையிலே, இன்றைய பிரயாக்ராஜ் நகருக்கு மேற்றிசையில் அதன் மண்மேடுகள் கிடக்கின்றன. 1949ஆம் ஆண்டிலே தொடங்கிய அகழ்வாராய்ச்சியின்போது, கோசிதாராமம் என்னும் விகாரையின் பெயர் பொறித்த கல்லும் அங்கே கிடைத்தது. கோசிதன் என்னும் வணிகன் புத்தபிரானுக்குக் கட்டிக்கொடுத்த விகாரை அது.

அவ்விகாரையிலே இரண்டு ஆசிரியர் இருந்தனர். ஒருவர் துறவொழுக்க விதிகளில் வல்லவர். மற்றவர் தருமோபதேசத்தில் வல்லவர். இருவருக்கும் மாணாக்கர் பலர். ஒருநாள் தரும ஆசிரியர் மலசலகூடத்துக்குச் சென்றவர், பயன்படுத்தியது போக எஞ்சிய நீரைக் கவிழ்த்துவிடாமற் பாத்திரத்திலேயே விட்டு வந்தார். அடுத்துச் சென்ற விநய ஆசிரியர் அதனைக் கண்டு, அவ்வாறு நீரை விட்டு வருதல் விதிக்கு மாறானது என்று எடுத்துக் கூறினார். தரும ஆசிரியர், தாம் அவ்விதியை அறியாரென்றும், குற்றமாயின் அதனை ஏற்று அதற்குரியதைச் செய்ய ஆயத்தமென்றும் சொன்னார். வேண்டுமென்று செய்யாதவிடத்துக் குற்றமில்லை என்று மற்றவர் விடை பகர்ந்தார்.

அம்மட்டில் அது முடிந்திருக்க வேண்டும். ஆனால் விநய ஆசிரியர் தம் மாணாக்கரிடத்தே, “அவர் குற்றம் செய்தும் அது குற்றமென உணராதவர்” என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டார். அச்சொல் மாணாக்கர் வாயிலாக மற்ற மாணாக்கரை அடைந்தது. அவர்கள் வாயிலாகத் தரும ஆசிரியரின் செவியை அடைந்தது. முன்னர்க் குற்றமில்லை என்றவர் இப்பொழுது குற்றம் என்கிறாரெனின் அவர் பொய்யரே என்று இவர் சொன்னார். அதுவும் திரும்பிச் சென்றது. வாய்ப்பு நோக்கியிருந்த விநயக் கட்சியார் தரும ஆசிரியரைச் சங்கத்தினின்றும் விலக்கிவைத்தனர். அவருடைய கட்சியார் அவ்விலக்கு செல்லாது என்றனர். நகரத்து அடியார்களும் இரு பிரிவாயினர். பிளவு தேவருலகம் வரையிற் சென்றது என்று உரையாசிரியர் எழுதுவது மிகைபோலத் தோன்றலாம். ஊர்க்கோயிற் பிணக்குகளைக் கண்டவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது.

புத்தபிரான் பன்முறை அறிவுரை கூறினார். தந்தையைக் கொன்ற அரசன் தன் கைக்கு எட்டியும் அவனைக் கொல்லாது விடுத்த தீகாயு என்னும் இளவரசனின் கதையையும் எடுத்துரைத்தார். அவர்களுள் ஒருவன், “பகவான் இதிற் கவலை கொள்ளாது அமைதியாக இருக்கட்டும், இப்பிணக்கை நாங்களே பார்த்துக்கொள்வோம்” என்னும் கருத்துப்பட விடை கூறினான். ஆசிரியரை நோக்கி மாணாக்கன் இவ்வாறு பேசிய இடம் பௌத்த நூல்களிலே மிக அரிது. அவர் தம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஒருவரையும் உடன் அழையாது, தனியே காட்டை நோக்கிச் சென்றுவிட்டார். பின்னர்க் கோசாம்பி மக்கள் அத்துறவிகளுக்கு வணக்கமும் பிச்சையும் கொடாது நிறுத்தியபோதுதான் அவர்கள் சாவத்திக்குச் சென்று பகவானைத் தேடினர். விலக்கப்பட்டவர் அங்கே தனித்திருந்து எண்ணிப் பார்த்து, தாம் செய்தது குற்றமே என்று தாமாகவே ஒப்புக்கொண்டார். முதல் நாளிலே அவர் சொல்ல ஆயத்தமாயிருந்ததும் அதுவே.

இவ்வளவையும் கேட்கும் மாணவன் ஒருவன் வினவக்கூடிய வினா ஒன்று உண்டு. ‘நான்’, ‘எனது’ என்பன பொய்த்தோற்றங்கள் என்று கற்பிப்பதல்லவா பௌத்தம்? அதனை நாள்தோறும் ஓதியவர்கள், ஓதுவித்தவர்கள், இவர்களல்லரோ? அவர்களிடத்தே ‘நான்’ எங்கிருந்து வந்தது?

அநாத்மக் கொள்கை

வினாவுக்கு விடை காணுமுன் கொள்கையைச் சிறிது நோக்குவோம். காசிக்கு அண்மையிலுள்ள இசிபதனத்திலே, இன்று சாரநாத் எனப்படும் இடத்திலே, புத்தபிரான் ஐந்து துறவிகளுக்கு முதலுபதேசம் செய்தார். அவ்வைவருக்கே அவர் செய்த இரண்டாவது உபதேசம் ‘அநத்தலக்கண சூத்திரம்’ எனப்படும்; அநாத்ம இலக்கணம் கூறுவது என்பது பொருள். மனிதன் ‘நான்’ என்று சுட்டுவன எல்லாவற்றையும் அவர் ஐந்து தொகுதிகளாக வகுத்தார். மணிமேகலை தந்த தமிழ்ச் சொற்களால் அவற்றை உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு எனலாம். உடம்பும், இன்பதுன்ப உணர்ச்சியும், பொருளை இன்னதென அடையாளங் காணுதலும், மனத்தின் செயல்களும், விளங்கி நிற்கும் உணர்வும் என்று நாம் விரித்துக்கொள்ளலாம்.

அவர் கூறிய நியாயம் சிறு பிள்ளைக்கும் விளங்கும். உடம்பு உண்மையாகவே நானாயின், அது என் ஆணைக்கு அடங்கி நடத்தல் வேண்டும். நோய் வரும்போது வாராதே என்றால் அது நின்றுவிடல் வேண்டும். நிற்பதில்லை. நரையும் திரையும் நம்மைக் கேட்டு வருவனவல்ல. உடம்பை விடுவோம், உள்ளமாவது நம் சொற் கேட்கின்றதா? பரீட்சை மண்டபத்திலே வேண்டிய விடை மறைந்து நிற்கின்றது. இரவிலே வேண்டாத நினைவு விளக்கேற்றியதுபோல வந்து நிற்கின்றது. சினம் வந்து சென்ற பின்னரே நாம் சினந்தோம் என்பதை அறிகின்றோம். இவ்வாறு மாறுவனவும் ஆணைக்கு அடங்காதனவுமாகிய இவற்றை ‘இது நான், இது எனது’ என்று பற்றுதல் தகுமா என்பதே பகவான் கேட்ட வினா. அவ்வுபதேச முடிவிலே ஐவரும் விடுதலை அடைந்தனர் என்பது நூற்செய்தி.

இவ்விடத்திலே பலர் வழி தவறுவர். ‘நான் இல்லை எனின், நன்மை தீமை செய்பவன் யார்? பயனை நுகர்பவன் யார்? யாரும் இல்லையெனின் யாது செய்தாலென்ன?’ என்பர். இவ்வினாவை மேலைநாட்டு மரபில் வந்த ஓர் அரசனே கேட்டிருக்கின்றான். கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலே வடமேற்கிந்தியாவை ஆண்ட மினாந்தர் என்னும் யவனனைப் பாளி நூல் மிலிந்தன் என்னும். அவனுக்கு நாகசேன தேரர் கூறிய விடைகளுள் மாம்பழக் கள்ளனின் கதை ஒன்று. பிடிபட்ட கள்ளன், தோட்டக்காரன் நட்டது வேறு மாங்கொட்டை என்றும், தான் பறித்தது வேறு பழம் என்றும் வாதிட்டானாம். அரசன் அவ்வாதத்தை ஒப்பவில்லை. நட்ட கொட்டையின் தொடர்ச்சியாகவே பழம் வந்தது. அதுபோலவே, மாறாத ஒருவன் உள்ளே இல்லாவிடினும், செயலும் பயனும் ஒரே தொடர்ச்சியில் நிற்கின்றன. கள்ளன் தப்பமுடியாது.

புத்தபிரானும் இக்கொள்கையைக் கண்டவரிடமெல்லாம் வாள்போல் வீசினாரல்லர். வச்சகோத்தன் என்னும் பரிவிராசகன் வந்து, ஆன்மா உண்டோ என்று கேட்டான். அவர் விடை கூறவில்லை. ஆயின் ஆன்மா இல்லையோ என்று கேட்டான். அதற்கும் மௌனமே விடை. அவன் சென்றபின் ஆனந்தர் காரணம் வினவினார். முன்னரே மயங்கியிருப்பவன், தன்னிடம் முன்பு ஒன்று இருந்ததென்றும் அஃது இப்பொழுது பறிபோயிற்றென்றும் எண்ணி மேலும் கலங்குவான் என்று பகவான் விளக்கினார். கேட்பவனுடைய நெஞ்சை நோக்கியே அவர் கொள்கையைச் சொன்னார்.

நோயுற்ற தேரர்

இனி, மாணவன் கேட்ட வினாவுக்கு வருவோம். அதே கோசாம்பியில், அதே கோசிதாராமத்திலேயே அதற்கு விடையும் கிடைத்தது. சங்யுத்த நிகாயத்திலுள்ள கேமக சூத்திரம் அதனைக் கூறுகின்றது. கி.மு. முதலாம் நூற்றாண்டிலே மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையிற் பாளித் திரிபிடகம் எழுத்திலே பொறிக்கப்பட்டது என்பது மரபு. அவ்வகையில் இக்கதை அழியாது நின்றதற்கு நம் நாடும் ஒரு காரணம்.

கேமகர் என்னும் தேரர் பதரிகாராமம் என்னும் இடத்திலே கடும் நோயுற்றுக் கிடந்தார். கோசிதாராமத்திலிருந்த முதிய துறவிகள் ஒரு மாலைப்பொழுதிலே தாசகர் என்பவரை அனுப்பி நலம் விசாரித்தனர். வேதனை தணியவில்லை, வளர்கின்றது என்று விடை வந்தது. மறுபடியும் தாசகர் அனுப்பப்பட்டார்: ஐந்து தொகுதிகளுள் எதனையாவது ஆன்மா என்றோ ஆன்மாவுக்கு உரியது என்றோ கேமகர் காண்கின்றாரா? காண்கிலேன் என்றார் கேமகர். மூன்றாம் முறை தாசகர் வந்தார்: அவ்வாறாயின் அவர் எல்லா மாசும் அற்ற அருகதரேயன்றோ?

ஆழ்ந்து நோக்கவேண்டிய இடம் இதுவே. படுக்கையிற் கிடப்பவர்; ஒருவேளை பிழைக்க மாட்டார். முதியோர் தாமாகவே உயர்ந்த பட்டத்தை நீட்டுகின்றனர். அதனை வாங்கிக்கொள்ளுதற்கு ‘ஆம்’ என்ற ஒரு சொல் போதும், மௌனமே போதும். கேமகர், தாம் அருகதர் அல்லர் என்றார். ஐந்தனுள் எதனையும் ஆன்மா எனத் தாம் காணாதது மெய். எனினும் ‘இருக்கிறேன்’ என்னும் எண்ணம் தம்மிடம் இன்னும் அறவில்லை. ‘இதுவே நான்’ என்று ஒன்றைச் சுட்டிக் கூறவும் தம்மால் இயலவில்லை என்றார்.

முதியோருக்கு இது புதிராயிற்று. சுட்டிக் காட்ட இயலாத ‘நான்’ எது என்று கேட்டுவரத் தாசகரை நான்காம் முறையும் அனுப்பினர். கேமகர், இவ்வாறு இங்குமங்கும் ஓடியது போதுமென்று சொல்லித் தம் ஊன்றுகோலை எடுத்துத் தரச் செய்தார். வேதனையோடு எழுந்து, கோலூன்றி நடந்து, தாமே கோசிதாராமத்துக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவர் ஒரு தாமரைப் பூவை உவமையாகக் கூறினார். அதன் மணம் யாருக்குரியது? இதழுக்கென்றால் பொருந்தாது, தண்டுக்கென்றாலும் பொருந்தாது, உள்ளிருக்கும் மகரந்தத்துக்கென்றாலும் பொருந்தாது. பூவின் மணம் என்றே சொல்லவேண்டும். ‘நான்’ என்பதும் அத்தகையதே. உடம்பிலே தேடினால் இல்லை, உணர்ச்சியிலே தேடினால் இல்லை, அறிவிலே தேடினாலும் இல்லை. ஆயினும் எல்லாவற்றின் மேலும் மணம்போற் படிந்து நிற்கின்றது.

அடுத்து, அழுக்கேறிய ஒரு துணியை உவமை கூறினார். வெளுப்பவன் அதனை உவர்மண்ணிலும் காரத்திலும் சாணத்திலும் இட்டுக் கசக்கித் தெளிந்த நீரில் அலசுகின்றான். துணி வெளுத்துவிட்டது. ஆனால் வெளுத்த துணியிலே, வெளுக்கப் பயன்பட்ட உவர்மண்ணின் வாடையும் சாணத்தின் வாடையும் தங்கிநிற்கின்றன. உடையவர் அதனை நறுமணப் பேழையில் வைத்தபின்னரே அவ்வாடை நீங்குகின்றது.

இவ்வுவமையின் கூர்மையைச் சற்றுச் சிந்தித்தல் வேண்டும். எஞ்சிய வாடை பழைய அழுக்கினுடையதன்று. அழுக்கை நீக்கிய பொருளினுடையது. ‘நான் இல்லை’ என்னும் கொள்கையை நான் அறிந்துகொண்டேன் என்னும் எண்ணமே, அக்கொள்கை விட்டுச்செல்லும் வாடை. கோசாம்பி ஆசிரியர் இருவரிடமும் இருந்தது அதுவன்றி வேறென்ன? ஒருவருக்கு விதி தெரியும் என்னும் வாடை. மற்றவருக்குத் தருமம் தெரியும் என்னும் வாடை.

நறுமணப் பேழை எது என்பதற்கும் சூத்திரத்திலே விடையுண்டு. உருவு, நுகர்ச்சி முதலியன எழுவதையும் மறைவதையும் காலப்போக்கில் இடைவிடாது நோக்கியிருத்தலே அது. வாதத்தால் அஃது ஆவதன்று. கேமகர் இவ்வாறு சொல்லிக்கொண்டிருக்கையிலேயே, கேட்டிருந்த அறுபது தேரர்களும் விடுதலை அடைந்தனர். சொல்லிக்கொண்டிருந்த கேமகரும் அடைந்தார். நோயின் கதை என்னவாயிற்று என்று சூத்திரம் கூறாது விட்டுவிட்டது.

பௌத்தர் இவ்விரண்டையும் வெவ்வேறாகவே எண்ணுவர். பிறவியிற் பிணிக்கும் தளைகள் பத்து. ‘ஆன்மா உண்டு’ என்னும் கோட்பாடு அவற்றுள் முதலாவது; அது முதலிலேயே அறும். ‘மானம்’ எனப்படும் தன்முனைப்பு எட்டாவது. அது கடைசிப் படியிலேதான் அறும். அம்மானத்தை அவர்கள் மூவகையாக வகுத்திருப்பதும் கருதத்தக்கது. பிறரினும் நான் உயர்ந்தவன் என்பது ஒன்று. பிறருக்கு நான் நிகரானவன் என்பது ஒன்று. பிறரினும் நான் தாழ்ந்தவன் என்பதும் ஒன்று. மூன்றாவதையும் மானம் என்றது நமக்கு வியப்பைத் தரும். வகுப்பிலே முதலாவதாக வந்த மாணவன் தலை நிமிர்ந்து நடப்பதை நாம் எளிதிற் காண்கிறோம். தேறாத மாணவன், தன்னைப்போலக் கீழானவன் உலகத்தில் இல்லையென்று அறைக்கதவைச் சாத்திக்கொள்வதும் அதே அளவுகோலைக் கையிற் பிடித்துக்கொண்டுதான். அவனைத் தேற்ற வரும் பெற்றோர் ‘நீ தாழ்ந்தவனல்லன், உயர்ந்தவன்’ என்று சொல்வது அளவுகோலைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுப்பதாகும். அதனைச் சற்றே கீழே வைக்கச் செய்தால் அவனுக்கு மூச்சுவிட இடங்கிடைக்கும்.

சைவருக்கு இது அந்நியமா?

ஆன்மா இல்லையென்னும் கொள்கையைச் சைவர் ஏற்கார். பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்பது சித்தாந்தம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்திலே பௌத்த மதங்களை எடுத்து வரிசையாக மறுத்திருக்கின்றார். இரண்டும் ஒன்றே என்று மேடையிற் சொல்வது சிலருக்கு வழக்கம். அஃது இரு சமயத்துக்கும் நேர்மை செய்வதாகாது.

ஆயினும் ஓரிடத்திலே இரு மரபும் ஒரே பொருளைத் தொட்டு நிற்கின்றன. சித்தாந்தத்திலே ‘நான்’ என்னும் செருக்குக்கு மூலம் ஆணவம். செம்பிற் களிம்புபோல அஃது உயிரோடு அநாதியே கலந்தது. ஞானம் பெற்றவரிடத்தும் பழக்கத்தால் ஒட்டி நிற்பதை ‘வாசனா மலம்’ என்பர். பெருங்காயம் எடுத்தபின்னும் பாண்டத்தில் அதன் வாசனை நிற்பது இதற்குக் கூறப்படும் உவமை. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், அதாவது நூலின் இறுதிச் சூத்திரம், மெய்யுணர்ந்தவனுக்குச் சொல்லப்பட்டது. ‘இனி உனக்கு ஒன்றும் வேண்டா’ என்று அது விட்டுவிடவில்லை; மலத்தைக் கழுவி, அடியாரோடு கூடி, அவர் வேடத்தையும் ஆலயத்தையும் வழிபடச் சொல்கின்றது. கேமகருக்கு நறுமணப் பேழை; சைவருக்கு அடியார் கூட்டம். கழுவிய பின்னும் வாடை உண்டு என்பதிலே இருவருக்கும் ஐயமில்லை.

நம் கோயில்களிலே அவ்வாடையைக் காண நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. மின்விளக்கின் மேல் உபயகாரர் பெயரை வெளிச்சம் மறையும் அளவுக்கு எழுதிவைக்கும் வழக்கத்தைக் கண்டு நகையாதார் யார்? திருவிழா உபயத்திலே காளாஞ்சி முதலில் யார் கைக்கு என்பதிலே பிறந்த மனத்தாங்கல், இரண்டு தலைமுறை கல்யாண வீடுகளுக்குப் போக்குவரத்தை நிறுத்திவிடுவதும் உண்டு. உபயம் செய்தவர் கெட்டவரல்லர். பெரும்பாலும் ஊரில் மிகக் கொடையாளர் அவரே. வெளுத்த துணியிலேதான் சாணத்தின் வாடை தெரியும்.

புத்தபிரான் கோசாம்பியை விட்டுத் தனியே சென்றார் என்றேன். போகும் வழியில் நடந்த ஒன்றை அங்கே கூறவில்லை. பாசீனவங்சதாயம் என்னும் வனத்திலே அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவர் வாழ்ந்து வந்தனர். ஒற்றுமையாக இருக்கின்றீர்களா என்று பகவான் அவர்களை வினவினார். பாலும் நீரும் கலந்ததுபோல இருக்கிறோம் என்றார் அநுருத்தர். எவ்வாறு என்று கேட்டபோது, தம் விருப்பத்தை ஒருபுறம் வைத்துவிட்டு மற்ற இருவர் விருப்பப்படி நடப்பதாக மூவரும் தனித்தனியே கூறினர்.

அவர்களுடைய அன்றாட ஒழுங்கையும் நூல் குறித்து வைத்திருக்கின்றது. பிச்சையேற்று முதலில் திரும்பி வருபவர் ஆசனங்களை இட்டு, குடிநீரும் கால் கழுவ நீரும் எடுத்து வைப்பார். கடைசியில் வருபவர் எஞ்சிய உணவை உண்ண விரும்பின் உண்பார். இன்றேல் புல்லில்லாத இடத்திலே கொட்டுவார். பின்னர் இடத்தைக் கூட்டித் துப்புரவு செய்வார். குடிநீர்க் குடமாயினும், மலசலகூடத்து நீர்ப்பாத்திரமாயினும், வெறுமையாக இருக்கக் கண்டவர் அதனை நிரப்பி வைப்பார். தனியே தூக்க இயலாதபோது கையசைத்து மற்றொருவரை அழைப்பார். அதற்காக வாய் திறப்பதில்லை. ஐந்து நாட்களுக்கு ஒருமுறை மட்டும் மூவரும் ஒன்றாக அமர்ந்து, இரவு முழுவதும் தருமம் பேசினர்.